லியுஸ்ஃபா என்ற சொல்லுக்கு முன்னால்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பலெர்மோவில் இருந்தேன், என் மனைவி டென்மார்க்கில் இருந்தாள். நாட்டை விட்டு இருவரும் ஒரே இடத்துக்குத்தான் புறப்பட்டோம். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவளை முதலில் அனுப்பினான். எனக்கு வழி இத்தாலியோடு முடிந்துபோனது. அவளுக்கு அங்கே அகதி அந்தஸ்து கிடைத்தது. எனக்கு இங்கே பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கி வேலை செய்வதற்கான பத்திரம், கிடைத்தது. அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு டென்மார்க்குக்குள் நுழைய முடியாது. அவளிடம் போய்ச் சேர நான் போட்ட விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. ஒரு கோடையில் அவள் மூன்று கிழமை வந்து என்னோடு நின்றாள். திரும்பிப்போய் இரண்டு மாதத்தில், வயிற்றில் பிள்ளை என்று எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் டேனிஷ் மொழி படிப்பதில் எனக்கு அவசரம் வந்தது. அவள் வகுப்புக்குப் போய்வந்து, படித்ததைக் கசெட்டில் பேசி அனுப்புவாள். ஒரு கசெட்டின் தொடக்கத்திலேயே கோபமாக இருந்தாள். கடையில் போய் அரிசிமா கேட்டிருக்கிறாள். டேனிஷில் அரிசி 'ரீஸ்', மா 'மேல்', சேர்த்தால் 'ரீஸ்மேல்'. இவள் 'ரி-ஸ்மேல்' என்று வெட்டி, கடைசியில் அழுத்திச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரனுக்கு விளங்கவில்லை. நாலு தரம் சொல்லியும் விளங்கவில்லை. பின்னால் நின்ற சனம் பார்க்கத் தொடங்க, அரிசிமா இல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இஞ்சை கேளுங்கோ," என்று கசெட்டில் சொன்னாள். "ரெண்டு சொல்லு ஒட்டினா முதல் சொல்லிலைதான் அடி விழவேணும். ரெண்டாவதை லேசாத் தொட்டுட்டு விடவேணும். எங்கடை ஆக்கள் மாதிரி எல்லாத்தையும் ஒரே மட்டத்திலை கதைச்சா இவையளுக்கு ஒண்டும் விளங்காது." பிறகு மேசையில் தட்டிக் காட்டினாள். பலமாக ஒன்று, மெல்ல ஒன்று. ஆஸ்பத்திரிக்கு அவர்கள் சொல்வது 'நோய் வீடு'. நோயில் பலமாக, வீட்டில் மெல்ல. நானும் பலெர்மோவின் அல்பெர்கேரியா பகுதியில் என் அறைக் கட்டிலில் இருந்தபடி சுவரில் தட்டுவேன். அறையில் என்னோடு இருந்த இரண்டு பேரும் முதலில் சிரித்தார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள்.

கோயிலில் ஒருவர், டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு அம்மா, இத்தாலியனில் சின்யோரா, வீட்டுவேலைக்கு ஆள் தேடுகிறார் என்று சொன்னபோது, மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். கிழமைக்கு மூன்று காலைகள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாக இருந்தார். சுள்ளென்று பேசுவார். தொழில், புத்தகம் அச்சாகும் முன் பிழை பார்ப்பது. கோபன்ஹேகனிலிருந்து கட்டுக் கட்டாகத் தாள்கள் தபாலில் வரும். அவர் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புவார். அந்தக் குளிர்காலம் வந்தது ஒரு சமையல் புத்தகம். அச்சகத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். வரி முடியும் இடத்தில் நீளமான சொற்களை அது தன் இஷ்டத்துக்கு வெட்டியது.

ஒருநாள் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைப் பார். 'பேயர்' என்றால் ரொட்டி சுடுகிறவன். 'ஓவ்ன்' என்றால் அடுப்பு. இந்த மடையன் 'பேயெ' என்று ஒரு துண்டும் 'ரோவ்ன்' என்று ஒரு துண்டுமாக வெட்டி வைத்திருக்கிறான். 'ரோவ்ன்' என்று உலகத்தில் ஒரு பொருளும் இல்லை. இரண்டு சொல் சேர்ந்த இடத்தில்தானே வெட்டவேண்டும்?" எங்கள் பேச்சு எப்போதும் இத்தாலியனில்தான். அவர் எனக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கவில்லை. திட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கோ அந்தத் தாள்களைவிட நல்ல பாடப்புத்தகம் பலெர்மோவில் வேறு இல்லை.

அவர் சந்தைக்குப் போகும் நேரங்களில், துடைத்து முடித்ததும் மேசைக்குப் பக்கத்தில் நின்று தாள்களை வாசிப்பேன். எந்தச் சொல்லில் எங்கே அடி விழும் என்று ஊகித்து, அந்த எழுத்தின் கீழே பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைப்பேன். போவதற்கு முன் அழித்துவிடுவேன். ஒருநாள் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். அழிக்கவில்லை. அன்று பின்னேரமே அந்தக் கட்டு தபாலில் போய்விட்டது.

எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் அவர்கள் தொழிலில் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறதாம். 'இந்தத் திருத்தத்தைக் கணக்கில் எடுக்காதே, முன்பு இருந்தபடியே விடு.' பல பக்கங்களில் அவருடைய சிவப்புக் கோடுகளை என் புள்ளிகள் செல்லாமல் ஆக்கியிருந்தன. கோபன்ஹேகனிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானே ஒப்புக்கொண்டேன். எதற்காகச் செய்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். "வீட்டுத் திறப்பை வைத்துவிட்டுப் போ," என்றார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இது நடந்து பத்து நாள் இருக்கும். மார்ச் மாதம். பிள்ளை பிறக்க இன்னும் ஐந்து கிழமை இருந்தது. வேறு வேலை தேடி பிரான்காச்சோ பக்கம் ஒரு பட்டறைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். கீழ்மாடியில் தீவுப்பகுதியைச் சேர்ந்த ஒரு அக்கா குடும்பமாக இருந்தார். எங்கள் கட்டடத்தில் தமிழர் வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி அவருடையது. படியில் நின்று கத்தினார்.

"தம்பி, கெதியா வாங்கோ! டென்மார்க்!"

பேசியது என் மனைவியின் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண். அங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "விடியக்காலமை இரத்தம் போகத் தொடங்கிட்டுது அண்ணை. அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போட்டினம். பிள்ளையளை விட்டுட்டு எனக்குப் போகேலாமல் போச்சு. இவரும் வேலைக்குப் போட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தனான், சொந்தக்காரருக்குத்தான் சொல்லுவினமாம். நீங்கள் எடுங்கோ." ஆஸ்பத்திரி இலக்கத்தைச் சொன்னார். அக்காவின் மகளுடைய கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

எடுத்தேன். ஒரு குரல், பிறகு இன்னொரு குரல், பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வயதான ஒரு பெண்ணின் குரல் வந்தது. மனைவியின் பெயரைச் சொல்லி, நான் அவளுடைய கணவன், இத்தாலியிலிருந்து பேசுகிறேன் என்று டேனிஷில் சொன்னேன். அந்த வசனத்தை முன்பே பாடமாக்கி வைத்திருந்தேன். இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டேன். "நை, நை," என்றார். யாரையோ கூப்பிட்டார். யாரும் வரவில்லைப் போல. பிறகு டேனிஷிலேயே நிதானமாக இரண்டு வசனம் சொன்னார். திரும்பவும் அதையே சொன்னார். நான் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். கடைசியாகச் சொன்னது மட்டும் உடனே விளங்கியது. நாலு மணிக்கு எடு, டொக்டர் இருப்பார்.

தொலைபேசியை வைத்தேன். அக்கா கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"என்ன சொன்னவை?"

"தெரியேல்லை அக்கா. பாக்கவேணும்."

மேலே ஓடிப்போய், மனைவி அனுப்பியிருந்த டேனிஷ்-இங்கிலீஷ் அகராதியை எடுத்துக்கொண்டு திரும்ப அக்கா வீட்டுக்கே வந்தேன். தனியாக இருந்து பார்க்கத் துணிவு வரவில்லை. இரண்டாவது வசனத்தைத்தான் முதலில் தேடினேன். 'பானெ' என்றால் பிள்ளை. 'குவோஸ'. அடி 'வோ'வில் விழுந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் துண்டில் விழவில்லை, ஆகவே ஒட்டுச்சொல்லாக இருக்காது என்று முழுதாகவே தேடினேன். கிடைத்தது. குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் சூட்டுப்பெட்டி.

"பிள்ளை பிறந்திட்டுது அக்கா. பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்."

அக்கா சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். "மனிசிக்கு என்னவாம்?"

முதல் வசனத்தில் 'கோன' என்று எழுதியிருந்தேன். மனைவி. பிறகு ஒரு இடைவெளி. பிறகு 'லியுஸ்ஃபாஅ'. தொடக்கத்தில் பலமான அடி, 'ஃபா'வில் மெல்லிய அடி. இரண்டு சொல் ஒட்டியது என்று தெரிந்தது. எங்கே வெட்டுவது? 'லியு' என்று தேடினேன், அப்படி எழுத்துக்கூட்டிய சொல் இல்லை. 'லூஸ்' என்ற சொல்லுக்கு வெளிச்சம் என்று போட்டிருந்தது. 'ஃபா' என்றால் அப்பா. அப்பா என்று என்னைத்தான் சொன்னாரோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அப்போது, அவர்கள் எழுதுகிற 'வி' என்ற எழுத்து பல இடங்களில் 'உ' மாதிரித்தான் கேட்கும் என்று கசெட்டில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. 'லிவ்'. உயிர். நடுவில் இருக்கும் 'ஸ்' இரண்டையும் ஒட்டுகிற பசை. மிச்சம் 'ஃபார'. ஆபத்து. அகராதியில் ஒரே சொல்லாகவே இருந்தது. உயிராபத்து.

சரியான இடத்தில் வெட்டிவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு கணம் வந்தது. அதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த கணம் கதிரையில் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எடுத்துப் பார்த்தேன், யாரும் தூக்கவில்லை. டென்மார்க்கில் எனக்குத் தெரிந்த மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரம் தொழிற்சாலைகளில். ஆஸ்பத்திரிக்கு மறுபடி எடுத்தேன். மணி அடித்தது, யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன கேட்டிருப்பேன்? பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை.

"உங்கடை அந்த டேனிஷ் சின்யோராட்டைப் போங்கோ," என்றார் அக்கா.

"என்னைக் கலைச்சுவிட்டவ அக்கா."

"கலைச்சா என்ன? இண்டைக்குக் கலைக்க மாட்டா. போங்கோ."

ஓடினேன். கட்டடத்து வாசலில் இருக்கும் பெண் என்னைத் தெரிந்தவள். சின்யோரா வீட்டில் இல்லை, சிநேகிதிகளோடு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சாப்பிடப் போய்விட்டார் என்றாள். எந்தக் கடை? அவளுக்குத் தெரியாது. கடலைப் பார்த்த மாதிரி ஏதோ ஒன்று.

பஸ் வர இருபது நிமிடம். ஏறிய பிறகு ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. கொப்பியைத் திறந்து அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் உயிராபத்து என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உயிர் எங்கே முடிகிறது, ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று காதுக்குப் பிடிபடாத சொல். எங்கே வெட்டினாலும் அர்த்தம் மாறப்போவதில்லை. மூன்று கிழமை அவள் இந்த ஊரில் நின்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே பஸ்ஸில் கடலுக்குப் போனோம். எந்தப் பக்க இருக்கையில் இருந்தோம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அது வராதது ஏதோ கெட்ட சகுனம் போலப் பயந்தேன்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் நல்ல காற்று. வள்ளங்களைக் கரையில் ஏற்றியிருந்தார்கள். முதல் கடையில் அவர் இல்லை. இரண்டாவதில் உள்ளே போக விடாமல் பரிமாறுகிறவன் வாசலில் மறித்தான். "இன்றைக்குப் பூ வேண்டாம்," என்றான். அந்தக் காலத்தில் எங்கள் நிறத்தில் யாராவது சாப்பாட்டுக் கடைக்குள் வந்தால் ரோசாப்பூ விற்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவனுடைய தோளுக்கு மேலால் சின்யோராவைக் கண்டேன். யன்னலோரம் இரண்டு இத்தாலியப் பெண்களோடு இருந்தார். அவரும் என்னைக் கண்டார். முகம் இறுகியது.

"சின்யோரா!"

"இங்கே வேண்டாம்," என்றார், எழும்பாமலே. "வேலை பற்றிப் பேச இது இடமில்லை."

"வேலை இல்லை. என் மனைவி. ஆஸ்பத்திரியில்." பரிமாறுகிறவன் விலகினான். நான் போய்க் கொப்பியை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். எல்லாம் தமிழ் எழுத்து.

"இதை நான் எப்படி வாசிப்பது? வாயால் சொல்."

"லியுஸ்ஃபாஅ."

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "யார் சொன்னது?"

"நர்ஸ். பதினொரு மணிக்கு. உயிராபத்து என்று அகராதியில் போட்டிருக்கிறது."

"அகராதியில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்ன சொன்னாள்?"

"கோன. மனைவி."

"இரண்டுக்கும் நடுவில்?"

கொப்பியைப் பார்த்தேன். நடுவில் எழுதியிருந்தது வெறும் இடைவெளி. அடி விழும் இடத்தை மட்டும் பிடிக்கத்தான் என் காதைப் பழக்கியிருந்தேன். அடி விழாத சொற்கள் தண்ணீர் மாதிரி ஓடிப்போய்விட்டன.

"யோசி. அவள் எப்படிச் சொன்னாள்? சொல் வேண்டாம், தாளம் போதும்."

கண்ணை மூடினேன். நர்ஸ் இரண்டு தரம் சொன்னது காதில் இருந்தது. விரலால் மேசை விளிம்பில் தட்டினேன். கோனவுக்குப் பலமாக ஒன்று. பிறகு படபடவென்று மெல்லிய தட்டுகள். பிறகு பலமாக.

"மறுபடி," என்றார். தட்டினேன். "மறுபடி." சிநேகிதிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பி, ஒரு டேனிஷ் வசனம் சொன்னார். உடனே இன்னொன்று. இரண்டும் கோனவில் தொடங்கி லியுஸ்ஃபாவில் முடிந்தன. முதலாவதில் நடுப்பகுதி குட்டை. இரண்டாவதில் கொஞ்சம் நீளம். எது நல்லது, எது கெட்டது என்று அவர் சொல்லவில்லை.

"எது?"

"இரண்டாவது மாதிரி."

"நிச்சயமா?"

"தெரியாது சின்யோரா. இரண்டாவது மாதிரித்தான் இருந்தது."

அவர் எழுந்தார். "இதை வைத்துக்கொண்டு நான் உனக்கு ஒன்றும் சொல்லமாட்டேன். நம்பரைத் தா."

கல்லாவுக்குப் பக்கத்தில் தொலைபேசி இருந்தது. கடைக்காரரிடம் இரண்டு சொல்லில் கேட்டார், அவர் தொலைபேசியைத் தள்ளி வைத்தார். நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். பின்னால் குசினியில் எண்ணெய் பொரிகிற சத்தம். சின்யோரா பேசினார், காத்திருந்தார், வேறு ஒருவரோடு பேசினார். என் மனைவியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். திரும்பக் காத்திருந்தார். குரலை உயர்த்தினார். தன் வேலையில் கம்ப்யூட்டரைத் திட்டும் அதே குரல். பிறகு திடீரென்று அமைதியாகிக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "யா. யா," என்றார். நான் கல்லா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தொலைபேசியின் வாயைப் பொத்தாமல், அதைக் காதில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினார். பதினொரு மணிக்கு நர்ஸ் எனக்குச் சொன்ன வசனத்தை, அந்த நீளமான இரண்டாவதை, மெதுவாக, ஒவ்வொரு துண்டாகச் சொன்னார். "கோன எ ஊதன் ஃபோ லியுஸ்ஃபாஅ." பிறகு இத்தாலியனில் சொன்னார். "வெளியே. உயிராபத்துக்கு வெளியே. விடியக்காலையில் உள்ளே இருந்தாள். ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். இப்போது வெளியே வந்துவிட்டாள். உனக்குப் பெண்பிள்ளை."

நான் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். பூ வேண்டாம் என்று மறித்தவன்தான் கதிரை கொண்டுவந்தான்.

சின்யோரா பேசி முடித்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். "நாலு மணிக்கு உன் மனைவியே பேசலாம். கட்டிலுக்குத் தொலைபேசி கொண்டுவந்து கொடுப்பார்கள்." பிறகு, அதே மூச்சில், "அடுத்த புத்தகத்தைக் கோபன்ஹேகனில் அவர்கள் எனக்குத் தரவில்லை. வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது உனக்குத் தெரியவேண்டும்."

"மன்னித்துக்கொள்ளுங்கள் சின்யோரா."

"ம்," என்றார். "பஸ்ஸைப் பிடி."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்ப் படியில் இருந்துகொண்டார். மனைவியின் குரல் மிகவும் மெல்லியதாக வந்தது.

"இஞ்சப்பா."

"ஓம், சொல்லு."

"நான் இன்னும் பிள்ளையைப் பாக்கேல்லை. வேறை அறையிலை வைச்சிருக்கினம். படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினவை."

"ஆர் மாதிரி?"

"ஒருத்தர் மாதிரியும் இல்லை. சிவப்பா, சின்னனா." அழுதாள். "நீங்கள் எப்ப வாறியள்?"

கெதியா வாறன் என்றேன்.

கெதியாக நடக்கவில்லை. விசா கைக்கு வர ஐப்பசி ஆகிவிட்டது. சின்யோரா என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. எனக்குப் பதிலாக மொரீஷியஸ் பெண் ஒருத்தியை ஏற்கெனவே வைத்திருந்தார். ஆனால் பிள்ளை பெட்டிக்குள் இருந்த நாலு கிழமையும், ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னேரம் என்னை வரச்சொல்லி, தன் தொலைபேசியில் டொக்டரோடு பேசி விபரம் சொன்னார். வாசலுக்கு உள்ளே ஒரு கதிரை போட்டிருந்தார். அதில் இருந்து கேட்டுவிட்டு வருவேன். கோப்பி தந்ததில்லை. கடைசி நாள், பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னபோது, "நல்லது, முடிந்தது," என்று தொலைபேசியை வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் பார்த்ததை அவர் விரும்பவில்லை.

டென்மார்க் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், குழந்தை என்னைக் கண்டு கத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அன்று ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று மனைவியிடம் கேட்டேன். வகுப்பில் எல்லோரையும் விட நன்றாகப் படித்தவள் அவள்.

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை," என்றாள். "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. தமிழிலைதான் கத்தினனான். ஒரு வயசான நர்ஸ் கையை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவ என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தவ."

தொலைபேசியில் என்னோடு பேசியவர் அவராகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று அவருக்கு விடுமுறை. மனைவி செய்து கொண்டுவந்த பலகாரப் பெட்டியை வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, யாருக்கு, எதற்கு என்று டேனிஷில் சொன்னேன். இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.